சாமி பேருக்கு

அம்மாவுக்கு நட்சத்திரம் கிடையாது.

ஆதாரில் பிறந்த தேதி 01-06-1968 என்று இருக்கிறது. அது காசிமேட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும், அன்றைக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், ஆகவே ஜூன் 1. அந்தத் தலைமுறையில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர் நம் எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். சாஃப்ட்வேரில் இதை டீஃபால்ட் வேல்யூ என்போம். யாரும் எதையும் நிரப்பாவிட்டால் சிஸ்டம் தானே போட்டுக்கொள்வது. ஆயா வைத்திருந்த கணக்கு வேறு. “அண்ணா செத்த வருசம். எறா நல்லா வுழுந்த மாசம். வெளக்கு வெச்சப்புறம் பொறந்தா.” அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. ஆக, அரசாங்கத்தின் வருடமும் ஆயாவின் வருடமும்கூட ஒத்துப்போகவில்லை.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 லிங்கங்கள் உண்டு. ஜென்ம நட்சத்திரத்தன்று வருகிறவர்கள் அவரவர் லிங்கத்தின் முன்னால் போய் நிற்பார்கள். அம்மா ஒன்று விடாமல் 27 முன்னாலும் நின்று கும்பிட்டுவிட்டு வருவார். “எதுனா ஒண்ணு என்னுதா இருக்கும்ல.” அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்பார். “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்பார் அம்மா. பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பெரிய பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

*

ஜாதகம் என்பது இன்புட் நிறையக் கேட்கிற புரோகிராம். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றும் வேண்டும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால் நட்சத்திரம் தெரிய நாள் தெரிந்தால்கூட ஓரளவு போதும். லக்னமோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிவிடும். நவாம்சம் அதைவிட வேகம். இவ்வளவு துல்லியமாக ஒரு நேரத்தைக் குறித்து வைக்க வீட்டில் கடிகாரம் வேண்டும், பிரசவ அறைக்கு வெளியே காகிதத்தோடு ஒரு ஆள் நிற்க வேண்டும், அந்தக் காகிதம் மழையிலும் குடிசை நெருப்பிலும் தப்பிக்க வேண்டும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் 1960களில் எத்தனை வீட்டில் இதெல்லாம் இருந்திருக்கும்? தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அம்மா பிறந்த அன்று அவர் எந்த ஷிஃப்டில் இருந்தார் என்றுகூட யாருக்கும் நினைவில்லை.

ஜாதகம் இல்லாதவர்களுக்கும் கவலை உண்டு. பொண்ணுக்கு எப்போ அமையும், ஆலை எப்போ திறக்கும், துபாய்க்குப் போனவன் ஏன் லெட்டர் போடல. இவர்களுக்காகத்தான் தேரடியில், வேப்பமரத்தடியில், கிளி உட்கார்ந்திருந்தது.

கிளி ஜோசியம் பார்க்காத இளையவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஜோசியர் நம் பெயரை மட்டும் கேட்பார். கூண்டுக் கதவைத் திறந்து அந்தப் பெயருக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார். கிளி வெளியே நடந்து வந்து, அடுக்கியிருக்கும் உறைகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தள்ளி, ஒன்றை மட்டும் அவரிடம் கொடுக்கும். ஒரு நெல் வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். உறைக்குள் ஒரு படம். முருகன், மீனாட்சி, சனீஸ்வரன், அனுமார். புத்தரும் குழந்தை ஏசுவோடு மாதாவும்கூட இருப்பார்கள். செயின்ட் பீட்டர்தான் தமிழில் ராயப்பர். அவர் பெயரால் ஊரும், படகுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அவருக்குக் கட்டிய சர்ச்சும் இருக்கிற இடத்தில் மாதா கார்டு வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். படத்தைப் பார்த்து ஜோசியர் பலன் சொல்வார்.

இந்தக் கட்டில் 27 கார்டுகள் என்பது வழக்கமான கணக்கு, 27 நட்சத்திரங்களுக்காக. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் முனியப்பன் என்பவரின் கிளி மணி 2010 உலகக் கோப்பையின்போது உலகப் புகழ் பெற்றது. கால் இறுதி நான்கையும், ஸ்பெயின் ஜெயித்த அரை இறுதியையும் சரியாகச் சொல்லி, இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை எடுத்துத் தோற்றது. ஸ்பெயின் என்று சொன்னது ஜெர்மனியின் ஆக்டோபஸ் பால்.

ஆனால் கிளி எடுக்கிற சீட்டுக்கும் நாம் பிறந்தபோது சந்திரன் நின்ற இடத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான் 27. ஜாதகத்தின் மரியாதை கார்டுக்கும் கொஞ்சம் வரட்டும் என்று யாரோ ஒட்டிய லேபிள் அது. ஒட்டியவர் யார், எப்போது என்பதற்கு நம்மிடம் ஆவணம் இல்லை. டாரோ கார்டில் அதே வேலை நடந்தபோது ஆவணம் இருக்கிறது, வருடத்தோடு.

*

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லேத் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யூனியன்காரர். “கிளிக்கே நாளைக்கு நெல்லு கெடைக்குமான்னு தெரியாது, அது உனக்கு சொல்லப்போவுதா?” என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மா பதில் சொன்னதில்லை. பிறகு கிளிகள் குறைந்தன. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று ஒரு கிளி சீட்டெடுத்த வீடியோ பரவியதும் வனத்துறை போய்க் கிளிகளைப் பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். அவர் ஜெயிக்கவில்லை. எங்கள் தேரடிக்கு மெட்ரோ வந்தது. கிளி ஜோசியர் எங்கே போனார் என்று தெரியாது.

அவர் இடத்துக்கு யூடியூப் வந்தது. “மேஷ ராசி நேயர்களே, இந்த மாசம் உங்களுக்கு டாரோ கார்டு என்ன சொல்லுதுன்னு பார்க்கலாமா?” மேசையில் பட்டுத் துணி, ஒரு ஊதுவத்தி, வளையல் போட்ட கைகள், முகம் கிடையாது. கைகள் கார்டைக் குலுக்கும், மூன்றை எடுத்து வைக்கும். ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வீடியோ. அம்மா சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பன்னிரண்டையும் கேட்பார்.

“உனுக்கு எந்த ராசின்னே தெரியாதே, இன்னாத்துக்குமா எல்லாத்தையும் கேக்குற?”

“கேட்டுக்கினே வரும்போது எதுல மனசு நிக்குதோ, அதான் என்னுது.”

டேட்டாபேஸ் ஆளுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ராசி என்பது ஒரு டேபிள், டாரோ என்பது இன்னொரு டேபிள். இரண்டையும் யார், எந்த கீயை வைத்து ஜாயின் பண்ணினார்கள் என்று தேடிப் போனேன்.

*

டாரோ முதலில் வெறும் சீட்டாட்டம். 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றியது. ஃபெராரா நகரின் எஸ்தே அரண்மனைக் கணக்குப் புத்தகத்தில் 1442-இல் இந்தக் கார்டுகளுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. நம் ரம்மி கட்டு மாதிரி நான்கு ஜாதிச் சீட்டுகள் 56, அவற்றோடு 22 படச் சீட்டுகள், மொத்தம் 78. சக்கரவர்த்தி, போப், மரணம், நிலா, சூரியன் எல்லாம் துருப்புச் சீட்டுகள். முன்னூறு வருடங்களுக்கும் மேலாக ஐரோப்பியர்கள் இதை வைத்து ஆடித் தோற்று ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

1781-இல் பிரான்சில் கூர் தெ ஜெபலின் என்ற அறிஞர், இது எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். ஆதாரம் எதுவும் தரவில்லை. எகிப்திய எழுத்தை அப்போது படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் மறுக்கவும் ஆளில்லை. சில வருடங்களில் எத்தெய்யா என்ற பெயரில் காசுக்குச் சீட்டுப் பார்த்த ஒருவர், கார்டுகளோடு ராசிகளையும் கிரகங்களையும் சேர்த்தார். 1850களில் எலிஃபாஸ் லெவி, 22 படச் சீட்டுகளும் ஹீப்ரு மொழியின் 22 எழுத்துகளும் ஒன்றே என்றார். எண்ணிக்கை பொருந்துகிறது, அவ்வளவுதான் காரணம். நம் 27 மாதிரியே.

இறுதி மேப்பிங் 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தின் வேலை. கவிஞர் யேட்ஸ் அதில் உறுப்பினர். ஹீப்ரு எழுத்துகளைப் பழைய யூத மறைநூல் ஒன்று 3, 7, 12 என்று பிரித்திருந்தது. 12 என்றால் ராசிகள், 7 என்றால் கண்ணுக்குத் தெரியும் கிரகங்கள், மீதி 3 பூதங்கள். இப்படியாக எம்பரர் மேஷமானது, டெவில் மகரமானது, டவர் செவ்வாயானது. வேடிக்கை என்னவென்றால், நிலா என்று பெயர் போட்ட கார்டு மீனத்துக்குப் போய்விட்டது, நிஜ நிலாவுக்கு ஹை ப்ரீஸ்டஸ் கார்டு கிடைத்தது.

ஒரு இடத்தில் மேப்பிங் உடைந்தது. வரிசையாக வந்தால் எட்டாவது கார்டு சிம்மம், பதினொன்றாவது துலாம். பழைய கட்டில் எட்டாவது ஜஸ்டிஸ், கையில் தராசு. பதினொன்றாவது ஸ்ட்ரெங்த், பக்கத்தில் சிங்கம். தராசு சிம்மத்திலும் சிங்கம் துலாத்திலும் மாட்டிக்கொண்டன. சரிதான், நம் கணக்கு தப்பு என்று அவர்கள் விடவில்லை. இரண்டு கார்டுகளின் எண்ணையே மாற்றிவிட்டார்கள். 1909-இல் வெய்ட் என்பவர் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியை வரைந்த கட்டு அந்த மாற்றத்தோடுதான் வந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள். ஸ்கீமாவுக்குப் பொருந்தவில்லை என்றால் டேட்டாவைத் திருத்துவது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது. புரொடக்‌ஷனில் போய் நூறு வருடம் ஓடிவிட்டால் அதற்கு மரபு என்று பெயர்.

இந்த மேப்பிங்கைத் தமிழ் யூடியூபுக்குக் கொண்டுவரும்போது இன்னொரு சிக்கல். மேற்கத்திய மேஷம் மார்ச் 21 வாக்கில் தொடங்குகிறது. நம் மேஷம் சித்திரை 1, ஏப்ரல் 14. அயனாம்சம் என்ற இந்த இடைவெளி இப்போது சுமார் 24 பாகை. அதோடு அவர்கள் ராசி என்பது சூரியன் நின்ற இடம், நாம் ராசி என்பது சந்திரன் நின்ற இடம். காலம் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மதிப்பு வேறு. ஆக, ‘மேஷ ராசி நேயர்களே’ என்று எம்பரர் கார்டைக் காட்டும்போது நடப்பது, வேறு வேறு ஊர்களின் தாசில்தார் ஆபீஸ் சர்வே எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பட்டா கொடுப்பது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

*

அப்பாவிடம் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. ஃபெராராவில் அதே எஸ்தே குடும்பத்தின் ஸ்கிஃபனோயா மாளிகையில் 1470-ஐ ஒட்டி வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு மூன்றாக விசித்திரமான உருவங்கள். மார்ச் மாதத்தில் கந்தல் வெள்ளையாடையும் இடுப்பில் கயிறுமாக ஒரு கறுத்த ஆள். யார் இவர்கள் என்று நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை. 1912-இல் ஆபி வார்பர்க் என்ற கலை வரலாற்றாசிரியர் ரோமில் ஒரு உரையில் விடை சொன்னார். ராசியை மூன்றாகப் பிரித்தால் பத்துப் பாகைக்கு ஒன்றாக 36 துண்டுகள். நம் ஜோதிடத்தில் இதற்குத் திரேக்காணம் என்று பெயர். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்த 36-க்கும் உருவம் சொல்கிறார். மேஷத்தின் முதல் திரேக்காணம் இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிய, கறுத்த, செங்கண் ஆள், கையில் கோடரி. அது 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் அபு மஷாரின் புத்தகத்துக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போய், ஃபெராராவின் சுவரில் ஏறியது. 36 என்ற பிரிவே எகிப்தில் பிறந்து கிரேக்கர் வழியாக இங்கே வந்ததுதான்.

இதனால் டாரோ இந்தியாவில் பிறந்தது என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்ப வேண்டாம். ஃபெராரா ஆட்டக்காரர்கள் கார்டையும் சுவரையும் முடிச்சுப் போடவில்லை. முடிச்சுப் போட்டது லண்டன் சங்கம்தான். நான்கு ஜாதியிலும் இரண்டு முதல் பத்து வரை ஒன்பது சீட்டு, மொத்தம் 36 என்று எண்ணி, 36 திரேக்காணங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிரகத்தை உட்கார வைத்தார்கள். துலாத்தின் நடுத் துண்டுக்குச் சனி, அதன் சீட்டு மூன்று வாள். ஸ்மித் வரைந்ததில் மழை பெய்கிறது, சிவப்பு இதயம் ஒன்றை மூன்று வாள்கள் குத்தி நிற்கின்றன. துக்கத்தின் கார்டு. நம் ஜோசியரிடம் துலாத்தில் சனி என்று சொல்லிப் பாருங்கள். உச்சம் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

*

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சின்ன ஆபரேஷன்தான், நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா ஆகட்டும் என்றார். தேதி கொடுத்தார்கள். அன்னிக்கு அஷ்டமி என்றார். அடுத்த தேதிக்குச் சளி பிடித்தது. மூன்றாவதற்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணம். பெரியம்மா வந்து, நேரம் சரியில்லையோ என்னவோ, ஜாதகத்தைப் பார்த்துச் செய்யுங்கள் என்றார். ஜோசியர் ஒருவரிடம் போனார்கள். பிறந்த நேரம் இல்லாமல் ஆயுள் ஸ்தானம் எப்படிப் பார்ப்பது என்று அவர் கையை விரித்தார். வேண்டுமானால் பிரசன்னம் பார்க்கலாம் என்றார்.

பிரசன்னம் என்றால் நாம் பிறந்த நேரத்துக்குப் பதிலாகக் கேள்வி பிறந்த நேரத்துக்குக் கட்டம் போடுவது. கேரளத்தில் 17-ஆம் நூற்றாண்டில் பிரச்ன மார்க்கம் என்று ஒரு பெரிய நூலே இதற்கு எழுதியிருக்கிறார்கள். சோழி உருட்டுவதும் வெற்றிலை எண்ணுவதும் இந்தக் குடும்பம். பஞ்சாங்கத்தில் கண்ணை மூடி விரல் வைக்கிற சீதா சக்கரமும் இதன் ஏழைத் தங்கைதான். டாரோவுக்கு ஜோதிடத்தில் உண்மையான சொந்தம் யார் என்றால் எம்பரர்–மேஷம் கிடையாது, இதுதான். உங்களைப் பற்றி எந்த டேட்டாவும் கேட்காது. உங்கள் கேள்வி என்ன என்று மட்டும் கேட்கும்.

அம்மா பிரசன்னத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு போனில் துலா ராசி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாள் கார்டு வந்தது. அம்மா வீடியோவை நிறுத்தினார்.

“இது வியாகுல மாதா.”

ராயபுரத்தில் வளர்ந்தவருக்கு அப்படித்தான் தெரியும். மகனைப் பறிகொடுத்த தாயின் நெஞ்சில் வாள்கள். அந்தப் படத்துக்கு முன்னால் சின்ன வயதில் மெழுகுவத்தி ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று சொன்னார்.

“எங்கம்மாக்கு மயக்க ஊசி போட்டாங்கடா. அப்புறம் முழிக்கவேயில்ல.”

ஆயா வயிற்று ஆபரேஷனில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். கத்தி வைப்பதற்கு முன்பே, மயக்க மருந்து கொடுத்த சிறிது நேரத்தில், என்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் டீ வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து சொன்னார்களாம். முப்பது வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அஷ்டமி, சளி, கல்யாணம் எல்லாம் அதற்குத்தான்.

மறுநாள் மயக்க மருந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பாரத்தை நிரப்பிக்கொண்டே, “குடும்பத்துல யாருக்காவது அனஸ்தீசியால பிரச்சனை வந்திருக்காம்மா?” என்றார். முந்தைய முறை இதே கேள்விக்கு அம்மா இல்லை என்று தலையாட்டியிருந்தார், பாரத்தில் அப்படித்தான் இருந்தது. இந்த முறை சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் கேட்டார். கூடுதலாகச் சில டெஸ்ட் எழுதினார். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாம், நீங்க முழிச்சிக்கிட்டேதான் இருப்பீங்க, என்கிட்ட பேசிக்கிட்டே இருக்கலாம் என்றார்.

“பேசலாமா?” என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

கார்டு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. துலாம் அம்மாவின் ராசியா என்பதும் தெரியாது. ஸ்மித்தின் மூன்று வாள் 1491 வாக்கில் அச்சான ஒரு இத்தாலியக் கட்டைப் பார்த்து வரைந்தது என்கிறார்கள். அந்தக் கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. அந்த இதயம் அங்கே சுற்றி, யூடியூபில் சனி என்ற தப்பான லேபிளோடு திருவொற்றியூர் சமையலறைக்கு வந்தபோது, அம்மா லேபிளைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். ஜாதகம் கேட்ட எந்தத் தகவலும் அவரிடம் இல்லை. ஆஸ்பத்திரி கேட்ட தகவல் இருந்தது. வெளியே வர ஒரு படம் தேவைப்பட்டது.

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா நாள்காட்டி முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தாளைக் கிழித்துவிட்டு ராகு காலம், எமகண்டம் தாண்டி, அடியில் பொடி எழுத்தில் சந்திராஷ்டமம் என்ற இடத்தில் விரலை வைத்திருந்தார். ஒரு நட்சத்திரத்தின் பெயர் போட்டிருந்தது.

“உங்கம்மாவுக்கு இது இல்லல்ல?” என்றார்.

“இல்லப்பா” என்றேன்.